கேப்சூல் ஹோட்டலில் தங்கலாமா?

போன இதழில் ஒசாகாவைப் பற்றி எழுதும்போது, கடைசி ரயிலைத் தவறவிட்டு ஒரு கேப்சூல் ஹோட்டலில் (அறைக்குப் பதில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்குப் பெட்டி தரும் ஹோட்டல்) படுத்துத் தூங்கிய கதையை நாலு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அந்த நாலு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். எனவே பயணக் கேள்விப் பக்கம் முழுவதையும் இந்த முறை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 27. மென்பொருள் வேலை. ஏப்ரல் முதல் வாரம் தனியாக ஜப்பான் போகிறேன். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று மொத்தம் ஒன்பது ராத்திரி. ஹோட்டல் வாடகையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது. ஒன்பது ராத்திரியும் கேப்சூல் ஹோட்டலிலேயே தங்கிவிட்டால் என்ன சார்? கொடுக்கிற காசுக்குத் தகுமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

ஒன்பது ராத்திரியும் வேண்டாம் தம்பி. ஆனால் ஒரு ராத்திரி கட்டாயம் தங்குங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2006 நவம்பர். அம்பத்தூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதப் பயிற்சிக்கு ஒசாகா அனுப்பினார்கள். தங்கியது ஊருக்குத் தெற்கே சகாயில், கம்பெனி விடுதி. ஒரு வெள்ளிக்கிழமை ஒசாகாவின் உமேதா பகுதியில் எல்லோருமாகச் சாப்பிட்டுப் பேசிக்கொண்டிருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. ஜப்பானில் நள்ளிரவையொட்டி ரயில்கள் நின்றுவிடும். மறுபடி ஓட ஆரம்பிப்பது காலை ஐந்து மணி வாக்கில்தான். டாக்ஸியில் சகாய் போவதென்றால் என் ஒரு வாரச் சாப்பாட்டுக் காசு போய்விடும். கூட இருந்த ஃபோர்மேன், வயதானவர், என் முழங்கையைப் பிடித்து இரண்டு தெரு தாண்டி ஒரு கட்டடத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு அது பழகின இடம்.

வாசலிலேயே செருப்பு, ஷூ எல்லாம் கழற்றி ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். அந்தச் சாவியை ரிசப்ஷனில் கொடுத்தால் பாஸ்போர்ட்டைப் பார்த்து நகல் எடுத்துக்கொண்டு, எண் பொறித்த வேறொரு சாவி தருவார்கள். அது ரப்பர் வளையத்தில் கோத்திருக்கும், மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளலாம். குளிக்கும்போதுகூடக் கழற்ற வேண்டாம். அந்தச் சாவிக்குரிய லாக்கருக்குள் மடித்து வைத்த பருத்தி உடுப்பு ஒன்று, துண்டு ஒன்று, பல் துலக்கி ஒன்று. அந்த ராத்திரிக்கு நான் கொடுத்தது 3,200 யென்.

அப்புறம் மாடி. நீளமான நடை. இரண்டு பக்கமும் இரண்டு அடுக்காகப் பெட்டிகள். காலணி இல்லாத கால்கள் நடப்பதால் சத்தமே இல்லை. எனக்கு மேல் அடுக்கு. பக்கவாட்டில் இருந்த இரண்டு படியில் கால் வைத்து ஏறி உள்ளே தவழ்ந்தேன். நம் ஸ்லீப்பர் கோச்சின் மேல் பெர்த் இரண்டடி அகலம் இருக்குமா? இது மூன்றடிக்கு மேல். நீளம் ஆறரை அடி. உயரம் ஒரு மீட்டர் அளவு; என் உயரம் ஐந்தடி ஏழு, நிமிர்ந்து உட்கார்ந்தபோது தலை இடிக்கவில்லை. சுவர், கூரை எல்லாம் ஒரே வார்ப்பில் செய்த வெளிர்மஞ்சள் ஃபைபர், மூலைகளே இல்லாமல் வளைந்து போகிறது. தலைமாட்டில் ஒரு பலகை: விளக்கைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, அலாரம், ரேடியோ. மேலே கையகல டி.வி. கால்மாட்டில் கதவு கிடையாது, மூங்கில் தட்டி மாதிரி ஒரு திரை. இழுத்து இறக்கி அடியில் கொக்கியை மாட்டினால் ‘டக்’ என்று ஒரு சத்தம். நான் படுத்த பிறகு வரிசையாக ஒவ்வொரு பெட்டியிலும் அந்த ‘டக்’ கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசி ‘டக்’குக்குப் பிறகு குறட்டை ஆரம்பித்தது.

நன்றாகத்தான் தூங்கினேன். மெத்தை மெல்லியது, விரிப்பு சலவை மணத்தோடு சுத்தமாக இருந்தது. நாலரை மணிக்கே அங்கங்கே அலாரம் அடிக்க, முதல் ரயிலுக்குப் போகிறவர்கள் இறங்கிப் போனார்கள்.

கேப்சூல் ஹோட்டல் பிறந்ததே இந்தத் தேவைக்காகத்தான். உலகத்தின் முதல் கேப்சூல் ஹோட்டல் 1979-இல் அதே உமேதாவில்தான் திறந்தது. வடிவமைத்தவர் கிஷோ குரோகாவா என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். (டோக்கியோ கின்சாவில் இருந்த நாககின் கேப்சூல் கோபுரமும் அவர் கட்டியதுதான், 1972-இல். பெட்டி பெட்டியாக அடுக்கிய அந்தப் படத்தைப் பார்த்துப் பலர் அதையும் ஹோட்டல் என்று நினைக்கிறார்கள். அது குடியிருப்பு. 2022-இல் பிரித்துவிட்டார்கள். நான் ஒருமுறை அந்த வழியாகப் போகும்போது நின்று பார்த்திருக்கிறேன், இப்போது இல்லையே என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.) கடைசி ரயிலைத் தவறவிட்ட அலுவலகக்காரர் குளித்து, ஐந்தாறு மணி நேரம் தூங்கி, சட்டை மாற்றிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அவரிடம் ஒரு கைப்பை இருக்கும், அவ்வளவுதான். லாக்கரின் அகலம்கூட அந்தக் கைப்பைக்கும் ஒரு கோட்டுக்கும் அளந்து வைத்ததுதான்.

உங்கள் பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒன்பது நாளுக்குப் போகிறவரிடம் சூட்கேஸ் இருக்கும். அது லாக்கருக்குள் போகாது. கேப்சூலுக்குள் வைத்தால் நீங்கள் படுக்க முடியாது. சில இடங்களில் ரிசப்ஷன் அருகே சங்கிலி போட்டுக் கட்டி வைக்கச் சொல்வார்கள். இன்னொரு பயணத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. ராத்திரி ஒரு சட்டை எடுக்க வேண்டும் என்றாலும் கீழே இறங்கி, நடு ஹாலில் சூட்கேஸைத் திறந்து, எல்லோர் கண்ணெதிரே துணியைக் கலைத்துத் தேட வேண்டும். இல்லையென்றால் ரயில் நிலையக் காசு லாக்கர். பெரியதற்கு ஒரு நாளைக்கு 700, 800 யென் ஆகிவிடும்.

இரண்டாவது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை: பெரும்பாலான கேப்சூல் ஹோட்டல்களில் நீங்கள் நாலு ராத்திரிக்குப் பணம் கட்டியிருந்தாலும் தினமும் காலை பத்து மணிக்குக் காலி செய்துகொண்டு வெளியே போக வேண்டும். சுத்தம் செய்துவிட்டு மறுபடி மூன்று, நாலு மணிக்குத்தான் உள்ளே விடுவார்கள். நடந்து நடந்து கால் வீங்கிப்போய் மத்தியானம் ஒரு மணி நேரம் படுத்தால் தேவலை என்றிருக்கும்போது படுக்க இடம் இருக்காது. மழை நாளில் இந்தக் கஷ்டம் இன்னும் அதிகம்.

மூன்றாவது விலை. சாதாரண நாளில் 3,000 முதல் 5,000 யென்னுக்குக் கிடைக்கும். ஒரு யென் ஏறத்தாழ அறுபது பைசா என்று வைத்துக்கொண்டால் 1,800 முதல் 3,000 ரூபாய். ஆனால் நீங்கள் போவது ஏப்ரல் முதல் வாரம், செர்ரிப் பூ காலம். அந்த வாரத்தில், அதுவும் சனிக்கிழமையில், அதே பெட்டிக்கு இரண்டு மடங்கு கேட்பார்கள். அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் பிசினஸ் ஹோட்டல் என்கிற சின்ன அறை கிடைக்கும். பூட்டுகிற கதவு, சொந்தக் குளியலறை, சூட்கேஸ் திறக்க இடம் எல்லாம் சேர்ந்து. சைவம் சாப்பிடுகிறவராக இருந்தால் சமையலறை உள்ள ஹாஸ்டலை யோசியுங்கள். அம்மா கட்டிக்கொடுக்கும் புளிக்காய்ச்சலை அங்கே சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடலாம். கேப்சூலுக்குள் எதையும் சாப்பிட விடமாட்டார்கள், அது சரியான விதியும்கூட.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். டோக்கியோவிலும் கியோட்டோவிலும் அறை அல்லது ஹாஸ்டல். கியோட்டோவிலிருந்து சூட்கேஸை மட்டும் கருப்புப் பூனை படம் போட்ட யமாதோ கூரியரில் அடுத்து தங்கப் போகும் ஹோட்டலுக்கு அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் மறுநாளே போய்ச் சேரும். தோள்பையோடு ஒசாகா போய், உமேதாவில் ஒரே ஒரு ராத்திரி, வார நாளில், கேப்சூல். காலையில் கிளம்பும் விமானம் டோக்கியோவின் நரிதா விமான நிலையத்திலிருந்து என்றால் அதற்கு முந்தின ராத்திரிக்கும் கேப்சூல் பொருத்தம். நைன் அவர்ஸ் என்ற நிறுவனம் 2014 முதல் நரிதா இரண்டாம் முனையத்தின் வாகன நிறுத்தக் கட்டடத்திலேயே ஒன்று நடத்துகிறது. குளிக்க ஒரு மணி நேரம், தூங்க ஏழு, கிளம்ப ஒன்று, ஆக ஒன்பது மணி நேரம் என்பது அந்தப் பெயரின் கணக்கு. ஒரு கேப்சூலிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியதும் அதே ஒன்பது மணி நேரம்தான்.

கேள்வி: தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் கேப்சூல் ஹோட்டலில் தங்கலாமா? கதவில் பூட்டே இல்லை என்கிறார்களே.
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

இதற்கு என் அனுபவம் போதாது. என் அண்ணன் மகள் 2019-இல் கியோட்டோவில் இரண்டு ராத்திரி தங்கினாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டி, அவள் சொன்னதை எழுதுகிறேன்.

முதலில் பார்க்க வேண்டியது, அங்கே பெண்களுக்கு இடம் உண்டா என்பதை. பழைய கேப்சூல் ஹோட்டல்களில் பல இன்றைக்கும் ஆண்களுக்கு மட்டும்தான். பெண்களை ஏற்கிற இடங்களில் தனித் தளம், தனி லிஃப்ட், அந்தத் தளத்துக்கு மட்டும் திறக்கிற அட்டை என்று ஏற்பாடு இருக்கும். அவள் தங்கிய இடத்தில் ஆண்கள் தளத்துக்கு அவளாலும் போக முடியாது, பெண்கள் தளத்துக்கு ஆண்களும் வர முடியாது. “கலந்த தங்குமிடம்” என்று போட்டிருந்தால் ஒரே ஹாலா, தனித்தனித் தளமா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

பூட்டு இல்லை என்பது உண்மை. திரைதான். பணம், பாஸ்போர்ட் இரண்டும் லாக்கருக்குள் போய்விட வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். பயமாக இருந்ததா என்று கேட்டேன். பயமே இல்லை சித்தப்பா, தூக்கம்தான் வரவில்லை என்றாள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரோ பிளாஸ்டிக் பைகளைப் பிரித்துக்கொண்டே இருந்தார்களாம். ஒரு பை திறக்கிற சரசரப்பு அந்த அமைதியில் ஹால் முழுக்கக் கேட்குமாம். அதனால் அவள் சொல்லும் யோசனை: மாற்றுத் துணி, பல் துலக்கி, மாத்திரை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சத்தமே வராது. காதில் வைக்கும் பஞ்சு சில இடங்களில் இலவசமாகத் தருவார்கள். நம்பி இருக்காமல் நீங்களே கொண்டுபோங்கள்.

இன்னொன்றும் சொன்னாள். ஜப்பான் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். வீட்டில் வேலை எல்லாம் முடித்துவிட்டு அம்மா பத்து மணிக்குப் போன் செய்தால் அங்கே அதிகாலை ஒன்றரை. கேப்சூலுக்குள் போன் பேசக் கூடாது. அதை முன்பே வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், எடுக்கவில்லையே என்று அவர்கள் ராத்திரி முழுக்கத் தவிக்க வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. முழங்கால் வலி உண்டு. மூடிய இடம் என்றால் கொஞ்சம் படபடப்பு வரும். அவரையும் ஒரு ராத்திரி கேப்சூலில் தங்க வைத்துப் பார்க்கலாம் என்று ஆசை.
– ஒரு வாசகர், விருதுநகர்

அப்பாவைக் கேட்டீர்களா? ஆசை உங்களுடையதாகத் தெரிகிறது.

முழங்கால் வலி மட்டும் என்றால் கீழ் அடுக்கு வேண்டும் என்று முன்பதிவிலேயே எழுதிக் கேட்கலாம். பெரும்பாலும் தருவார்கள். ஆனால் கீழ் அடுக்கிலும் முட்டி போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கழிப்பறை நடையின் கோடியிலோ வேறு தளத்திலோ இருக்கும். ராத்திரி இரண்டு முறை எழுந்து போகிற வயது அது. ஒவ்வொரு முறையும் தவழ்ந்து இறங்கி, தவழ்ந்து ஏற வேண்டும்.

படபடப்புக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் பாய் விரித்து, நாலு பக்கமும் போர்வையைத் தொங்கவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் முதலில் அரை மணி நேரம் படுங்கள். மேஜை இரண்டரை அடி உயரம் இருக்கும். கேப்சூல் அதைவிட ஒரு முக்கால் அடி கூடுதல், அவ்வளவே. உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு அப்பாவைப் பற்றி முடிவு செய்யுங்கள். எனக்குக் கேட்டால் அவருக்கு ஓர் அறை எடுத்துக் கொடுங்கள் என்பேன்.

கேள்வி: நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் போகிறோம். மூன்று கேப்சூல் எடுத்தால் ஓர் அறையைவிட மலிவாக வருமா?
– ஒரு வாசகர், சேலம்

வராது. மனைவி ஒரு தளம், நீங்கள் ஒரு தளம் என்று பிரித்துவிடுவார்கள். சின்னக் குழந்தைகளைப் பல இடங்களில் சேர்ப்பதே இல்லை. அறை எடுங்கள்.

கேள்வி: திருச்சியிலிருந்து கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியா போகிறேன். நடுவில் எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். விமான நிலையக் கேப்சூலில் படுக்கலாமா?
– ஒரு வாசகி, திருச்சி

தாராளமாக. கேப்சூலின் முழுப் பிரயோஜனம் தெரிவது இப்படிப்பட்ட இடைவெளியில்தான். முன்பு ‘கே.எல்.ஐ.ஏ. 2’ என்று சொன்ன இரண்டாம் முனையத்தில் கேப்சூல் டிரான்சிட் என்று ஒன்று இருக்கிறது. கப்பல் சரக்குப் பெட்டிகளை அடுக்கிக் கட்டியதுதான் அதன் ஆரம்ப வடிவம். மூன்று மணி, ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் என்று பிரித்து விற்கிறார்கள். உங்களுக்கு ஆறு மணி நேரம் பொருந்தும். இரும்பு நாற்காலியில் கைப்பிடிக்கு நடுவே வளைந்து படுத்துவிட்டு அடுத்த விமானத்தில் எட்டு மணி நேரம் உட்காருவதற்கும், குளித்துவிட்டு முதுகை நீட்டிப் படுத்த பிறகு உட்காருவதற்கும் உள்ள வித்தியாசம் மறுநாள் முழுக்கத் தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம். விமான நிலையக் கேப்சூல்கள் சில குடிநுழைவுச் சோதனைக்கு உள்ளே இருக்கும், சில அதைத் தாண்டி வெளியே இருக்கும். வெளியே இருப்பதை எடுத்தால் நீங்கள் மலேசியாவுக்குள் நுழைந்ததாகக் கணக்கு. அதற்கு வேண்டிய அனுமதி, விண்ணப்பம் எல்லாம் உங்களிடம் இருக்க வேண்டும். இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இல்லையென்றால் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க எப்படியும் வெளியே வர வேண்டியிருக்கும். எது உங்கள் நிலைமை என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற பக்கத்தில் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: நம் நாட்டில் இது உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

உண்டு. மும்பை சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 2021 நவம்பரில் 48 பெட்டிகளோடு ஒன்று திறந்தார்கள். நம் ரயில்வேயில் அதுதான் முதல். திறந்தபோது பன்னிரண்டு மணி நேரத்துக்கு 999 ரூபாய். பெண்களுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. காலையில் இறங்கி ராத்திரி வேறு ரயில் பிடிக்கிறவர்களுக்கு நல்ல ஏற்பாடு. சென்னை சென்ட்ரலிலும் எழும்பூரிலும் இப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாகப் போய்ப் படுப்பேன்.

கேள்வி: கேப்சூல் ஹோட்டல்களில் எல்லோரும் ஒன்றாக, உடையில்லாமல் குளிக்க வேண்டுமாமே! எனக்கு நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. வேறு வழி இல்லையா?
– ஒரு வாசகர், காரைக்குடி

புதிதாகக் கட்டிய இடங்களில் தனித்தனி ஷவர் அறைகள் இருக்கும். பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பொதுக் குளியல் உள்ள பழைய இடம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன். எனக்கும் கூச்சம்தான். அந்த உமேதா ராத்திரியில் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கதவருகிலேயே நின்றேன். அந்த ஃபோர்மேன் திரும்பிக்கூடப் பார்க்காமல் முன்னால் போனார். உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நீருக்குள் நேராக இறங்கக் கூடாது. சுவரோரம் வரிசையாகக் குட்டி முக்காலிகள் இருக்கும். ஒன்றில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, தலை முதல் கால் வரை நுரை போகக் கழுவிவிட வேண்டும். நம் ஊர்க் கிணற்றடியில் முக்காலி போட்டு எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. சின்னத் துண்டை நீரில் நனைக்காமல் மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு மெல்ல இறங்க வேண்டும். நாற்பது டிகிரிக்கு மேல் சூடு. முதல் நிமிஷம் சுடும். அப்புறம் நாள் முழுக்க நின்ற கால் இளகுவது தெரியும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மது குடித்தவர்கள் இறங்க வேண்டாம். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் பல குளியல்களில் அனுமதி கிடையாது. நம்மவர்கள் கையில் பெயர் குத்தியிருப்பார்கள், அதற்கும் இதே விதிதான். சின்னதாக இருந்தால் மேலே ஒட்டி மறைத்துக்கொள்ளலாமா என்று ரிசப்ஷனில் கேளுங்கள்.

குளித்து வெளியே வந்ததும் உடை மாற்றும் இடத்தில் ஓர் இயந்திரம் நிற்கும். காசு போட்டால் கண்ணாடிப் பாட்டிலில் சில்லென்று காபிப் பால் வரும். ஃபோர்மேன் இரண்டு வாங்கி ஒன்றை என் கையில் கொடுத்தார். நின்றபடியே குடித்தோம். நீங்களும் ஒன்று குடித்துவிட்டு மேலே போய்ப் படுங்கள்.